காணிக்கையும் கணக்கேடும்

காணிக்கைப் பிரசங்கம் என்றதும் ஆலயத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு உடனே நினைவில் வருபவள், எருசலேம் தேவாலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண். மாற்கு சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் அவளைக் காண்கிறோம். செல்வர்கள் தம் மிகுதியிலிருந்து போட்டார்கள். அவளோ பிழைப்புக்கென இருந்ததையே போட்டுவிட்டாள். போட்டது எவ்வளவு என்பதன்று, கையில் எஞ்சியது எவ்வளவு என்பதே அங்கே அளவுகோல். ஆனால் அதற்குச் சற்று முன்புதான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டித்திருக்கிறார். அதை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துப் பேசுவோரை நான் நிறையவே கேட்டிருக்கிறேன். ஏழையிடம் காசு வாங்க இவளைச் சாட்சிக்கு அழைப்பது எனக்கு உடன்பாடன்று.

அந்த அளவுகோலை முதலில் தம்மீதே வைத்துப் பார்த்தவர் மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையான ஜோன் வெஸ்லி. பணத்தின் பயன் பற்றி 1760இல் அச்சான அவருடைய பிரசங்கம் புகழ்பெற்றது. நேர்மையாகத் தேடுதல், வீண்செலவின்றிச் சேமித்தல், பின் அனைத்தையும் கொடுத்தல் என மூன்று படிகளை அது வகுக்கிறது. முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுபவன் வெறும் உலோபியே அல்லவா?

முதுமையில் வெளியிட்ட இன்னொரு பிரசங்கத்தில் அவர் ஒரு கணக்கைச் சொல்கிறார். ஒக்ஸ்போர்டில் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண். 28 பவுணில் வாழ்ந்து மீதி 2 பவுணைக் கொடுத்தார். மறு ஆண்டு வருமானம் 60 ஆயிற்று. அப்போதும் 28இலேயே வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். பின்னர் 90, அதன்பின் 120. வாழ்க்கைச் செலவு மட்டும் 28ஐ விட்டு அசையவில்லை. அந்த 'ஒருவர்' வெஸ்லியே என்பர். பிரசங்க மேடையில் 'நான்' என்று சொல்லாமல் விட்ட அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் தம் குறையைச் சொல்லும்போது அவர் ஒளிக்கவில்லை. ஒக்ஸ்போர்டில் ஒரு குளிர்நாளில் மெல்லிய ஆடையோடு ஓர் ஏழைப் பெண் அவரிடம் வந்தாள். அவளுக்குக் கொடுக்கப் பையில் போதிய காசில்லை. அறைச் சுவரிலோ விலைகொடுத்து வாங்கிய படங்கள் தொங்கின. அவளைக் குளிரிலிருந்து காத்திருக்கக்கூடிய பணம் அல்லவா சுவரை அலங்கரிக்கிறது என்று அவர் நெஞ்சு சுட்டது. 1791இல் அவர் இறந்தபோது, ஆடம்பரம் எதுவுமின்றி ஆறு ஏழைகள் தம் உடலைச் சுமக்க வேண்டும், ஆளுக்கு இருபது ஷில்லிங் கொடுக்க வேண்டும் என உயிலில் எழுதியிருந்தார்.

நேயர்களே, இந்தப் போதனைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. வெஸ்லியின் துணைவரான தோமஸ் கோக் என்பவர், இலங்கைக்கு மிஷனரிகளை அனுப்பத் திருச்சபையிடம் பணமில்லை என்ற தயக்கம் எழுந்தபோது, தம் சொந்தப் பணத்தில் 6,000 பவுண் வரை தருவதாக முன்வந்தார். 1813இன் கடைசி நாட்களில் தாமும் கப்பலேறினார். இலங்கையைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1814 மே 3ஆந் திகதி கப்பலிலேயே உயிர் பிரிந்தது. இந்து சமுத்திரத்தில் அடக்கம் செய்தார்கள். பணப்பொறுப்பு முழுவதும் அவர் பெயரிலேயே இருந்தபடியால் உடன்வந்த இளைஞர்கள் பம்பாயில் கையில் காசின்றி இறங்கினர். அங்கு வணிகர் ஒருவர் முன்பணம் கொடுத்து உதவினார்.

ஜூன் மாத இறுதியில் ஐவர் காலிக்கு வந்தனர். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் போயினர். வில்லியம் ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்குச் சென்றார். கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். வந்த இடத்தில் தமிழ் படித்தார், பள்ளிகள் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1ஆந் திகதி, ஓராண்டும் நிறையுமுன், நோயுற்று மாண்டார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்றே கணக்கிடுகிறது.