பட்டதாரிகளுக்கான முதுநிலை நர்சிங் நுழைவுப் படிப்பு

வேறு ஏதோ ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம் வாங்கியவர், மறுபடியும் முதலாண்டு மாணவராக உட்காராமல் நேரே முதுநிலையில் சேர்ந்து செவிலியராகும் ஏற்பாடு இது. அமெரிக்காவில் தோன்றி அங்கேயே நன்றாக வேர்விட்டது. வரலாறு படித்தவரும் வரலாம், இசை படித்தவரும் வரலாம். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்ற சில பாடங்களை மட்டும் சேர்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். பட்டதாரிகளுக்கென்றே இன்னொரு குறுக்குவழியும் உண்டு: ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் நர்சிங்கில் இரண்டாவது இளங்கலைப் பட்டம். அதில் சேர்பவர்களே அதிகம். ஆனால் நீண்ட சண்டைகளைப் பார்த்தது முதுநிலை வழிதான்.

இதன் தொடக்கம் ஒரு போர்க்காலக் கோடை. 1918இல் முதல் உலகப் போருக்காக அமெரிக்க நர்சுகள் பெருமளவில் ஐரோப்பாவுக்குப் போய்விட, உள்நாட்டு மருத்துவமனைகளில் ஆள் இல்லை. அப்போது நியூயார்க் மாநிலத்தின் வாஸர் மகளிர் கல்லூரியில், செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவோடு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. பல கல்லூரிகளில் பட்டம் முடித்த 400க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். 12 வாரம் உடற்கூறியல், வேதியியல், நுண்ணுயிரியல், உணவியல், கட்டுப் போடுதல் என்று படித்துவிட்டு மருத்துவமனைப் பள்ளிகளுக்குப் பிரிந்து போனார்கள். பட்டதாரிகள் என்பதால் மூன்றாண்டுப் பயிற்சியில் அவர்களுக்குக் கழிவு கிடைத்தது. நவம்பரில் போர் முடிந்துவிட்டது. ஆனாலும் பலர் திரும்பிப் போகவில்லை. அவர்களில் ஒருவர் கேத்தரின் டென்ஸ்ஃபோர்ட். வரலாற்றில் முதுகலை முடித்தவர். பின்னாளில் 1930 முதல் 1959 வரை மின்னசோட்டா பல்கலைக்கழக நர்சிங் பள்ளியை நடத்தினார்; இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்க நர்சுகள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

அந்தக் காலத்தில் நர்சிங் பயிற்சி என்பது பெரும்பாலும் மருத்துவமனைக்குச் சம்பளமில்லாத ஆள் சேர்ப்புதான். மாணவிகள் வார்டில் நாள் முழுக்க வேலை பார்ப்பார்கள். மிஞ்சிய நேரத்தில் பாடம். ஜோசஃபின் கோல்ட்மார்க் 1923இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதை வெளிச்சம் போட்டுக் காட்டி, படிப்பை மருத்துவமனையின் பிடியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாற்றச் சொன்னது. அதே ஆண்டு ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளி திறந்தது. அதன் முதல் தலைவரான ஆனி குட்ரிச், யேலின் வரலாற்றில் ஒரு பள்ளியின் தலைமைப் பதவிக்கு வந்த முதல் பெண். 1934இல் பள்ளி இன்னும் துணிந்தது: இனிமேல் பட்டதாரிகளுக்கு மட்டுமே இடம், முடிப்பவர்களுக்கு நர்சிங்கில் முதுநிலைப் பட்டம்.

இந்த வழியாக வந்தவர்தான் புளோரன்ஸ் வால்ட். மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் 1938இல் பட்டம், 1941இல் யேலில் முதுநிலை நர்சிங் பட்டம், 1959இல் அதே பள்ளியின் தலைமை. 1963இல் லண்டனிலிருந்து வந்த மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிப்பது பற்றி யேலில் பேசினார். அதைக் கேட்ட வால்ட் சில ஆண்டுகளில் பதவியை விட்டுவிட்டு அந்த வேலையிலேயே இறங்கினார். அவர் முயற்சியில் 1974இல் உருவான கனெக்டிகட் ஹாஸ்பிஸ், அமெரிக்காவின் முதல் அந்திமக் காலப் பராமரிப்பு நிறுவனம்.

ஆனால் வால்ட் தலைமைக்கு வருவதற்குள் அவர் படித்த படிப்பே மூடப்பட்டிருந்தது. தொடக்கநிலைப் பயிற்சியை ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஏன் நடத்த வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. 1956இல் யேல் நிர்வாகம் அதைக் கைவிட முடிவு செய்தது. அதன் பிறகு ஏற்கெனவே நர்சாக இருப்பவர்களுக்கு மட்டுமே அங்கே முதுநிலை. மூடிய கதவைத் திரும்பத் திறந்தவர் 1972இல் தலைமைக்கு வந்த டோனா டயர்ஸ். நர்ஸ் அல்லாத பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுப் படிப்பு 1974இல் தொடங்கியது. இன்று பல பல்கலைக்கழகங்களில் நடப்பது ஏறக்குறைய அந்த அச்சில் வார்த்ததுதான். கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் 1979இல் முதுநிலையையும் தாண்டி, முனைவர் பட்டமாகவே ஒரு நுழைவுப் படிப்பைத் தொடங்கியது.

படிப்பு இரண்டு கட்டம். முதல் கட்டம் ஓராண்டோ சற்றுக் கூடுதலோ: இளங்கலை மாணவர்கள் பல பருவங்களில் படிப்பதை மூச்சுவிடாமல் படிக்க வேண்டும். பிறகு உரிமத் தேர்வு. கணினியில் நடக்கும் இந்தத் தேர்வு, எழுதுபவர் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கடினமாக்கும் அல்லது எளிதாக்கும். 2023 ஏப்ரலிலிருந்து குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். நேரம் 5 மணி. தேறியவர் பதிவுபெற்ற நர்ஸ். இரண்டாம் கட்டம் சிறப்புத் துறை: குடும்ப நலம், மனநலம், பேறுகாலம் என்று. அதன் முடிவில் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் தகுதியுள்ள ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ ஆகலாம். இந்தப் பொறுப்பு 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது. சிறப்புத் துறை வேண்டாம், வார்டிலேயே நின்று பராமரிப்பை ஒருங்கிணைக்கிறேன் என்பவர்களுக்கு ‘க்ளினிகல் நர்ஸ் லீடர்’ என்ற பொதுவான முதுநிலையும் உண்டு.

முதல் சில வாரங்கள் பயிற்சிக் கூடத்தில் கழியும். பொம்மை நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்துப் பெயர் கேட்பது, மருந்தைச் சீட்டோடு ஒப்பிடுவது, ஊசி குத்துவது, சிறுநீர்க் குழாய் பொருத்துவது. கூடவே அளவுக் கணக்கு. 1000 மில்லி குளுக்கோஸ் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு என்றால் நிமிடத்துக்கு எத்தனை? 15,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் 31. பம்ப் இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். பம்பில் எண்ணைத் தட்டுவதும் மனிதக் கைதானே. பல பள்ளிகளில் இந்தக் கணக்குத் தேர்வில் தேறாதவர் வார்டில் மருந்து கொடுக்க முடியாது. ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பு வாங்கியவருக்கும் இதில் சலுகை கிடையாது.

இந்தப் படிப்பைச் சுற்றியுள்ள பெரிய சச்சரவு அனுபவம் பற்றியது. இருபது ஆண்டு இரவு டியூட்டி பார்த்த நர்சுக்கு, ஒரு நாள்கூட வார்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்காத ஒருவர் மருந்து எழுதுவது உறுத்தத்தான் செய்யும். நோயாளி மோசமாகப் போவதை மானிட்டர் கத்துவதற்கு முன்பே உணரும் கண் படுக்கையருகில்தான் பழகும் என்பது அவர்கள் வாதம். கணக்கும் அவர்கள் பக்கம் கொஞ்சம் பேசுகிறது: நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கான தேசியத் தர விதிகள் கேட்கும் நேரடிச் சிகிச்சைப் பயிற்சி, 2022இல் உயர்த்திய பிறகும், 750 மணிதான். மருத்துவர் ஒருவருக்கு அது 10,000 மணியைத் தாண்டும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் மருத்துவரின் மேற்பார்வையில்லாமலே தொழில் நடத்தலாம் என்பதால் இது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. எதிர்த்தரப்புக்கும் பதில் உண்டு: வார்டு நர்சின் வேலையும் பிராக்டிஷனரின் வேலையும் வேறு, ஒன்றில் கழித்த ஆண்டுகள் மற்றொன்றுக்குத் தானாகத் தகுதியாகிவிடாது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் உரிமம் கிடைத்ததும் ஓரிரு ஆண்டு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு இரண்டாம் கட்டத்துக்குத் திரும்புவதே புத்திசாலித்தனம். பகுதிநேரமாகவாவது அப்படிச் செய்பவர்கள் பலர்.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே செவிலியர் பதிவுக்கு 4,600 மணி நேரப் பயிற்சி வேண்டும். பாதி வகுப்பறை, பாதி வார்டு. பட்டதாரி தன் முந்தைய படிப்பையும் பராமரிப்பு அனுபவத்தையும் சான்றோடு காட்டினால் அதில் ஒரு பகுதி கழிந்து, இரண்டாண்டில் முதுநிலையோடு பதிவும் கிடைக்கும். அதனால்தான் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பிக்கும் உளவியல் பட்டதாரிகளை அங்கே பார்க்கலாம். ஆனால் மருந்து எழுதும் உரிமை பட்டத்தோடு சேர்ந்து வருவதில்லை. அது பதிவுக்குப் பிறகு தனியாகப் படித்து வாங்க வேண்டியது.

இந்தியாவில் இந்தக் கதவு இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946லேயே பி.எஸ்சி. நர்சிங் வந்துவிட்டது, நர்சிங்கைப் பல்கலைக்கழகப் படிப்பாக்கியதில் தமிழ்நாடு பின்தங்கவில்லை. ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர, பி.எஸ்சி. நர்சிங்கோ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யோ முடித்துப் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்த ஒருவர் நர்சாக விரும்பினால், பிளஸ் டூ முடித்தவர்களோடு சேர்ந்து நான்காண்டு பி.எஸ்சி.யையோ மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோவையோ தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அவர் வாங்கிய பட்டத்துக்கு ஒரு பருவம்கூடக் கழிவு கிடையாது.