பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைப் பார்க்காதீங்க, நம்பரைப் பாருங்க!

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது வேப்பந்தட்டை. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் கரிசல் பூமி. ஒரு நல்ல மழை பெய்தால் போதும், காட்டுக்குப் போகும் வண்டிப்பாதை களியாகி டயரில் அப்பிக்கொள்ளும். டிராக்டரைத் தவிர எதுவும் உள்ளே போகாது. "நாலு வீலும் இழுக்குற பழைய ஜீப் ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்!" என்ற ஆசை இங்கே பலருக்கு உண்டு. என் சித்தப்பாவுக்கும் இருந்தது.

சில வருடங்களுக்கு முன்பு அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பச்சை பெயின்ட், பானெட்டில் வெள்ளை நட்சத்திரம். "1944 வில்லிஸ், ஒரிஜினல் மிலிட்டரி வண்டி" என்று ஒரு வரி. நேரில் போனார், பார்த்தார், மயங்கினார். முழுப்பணத்தையும் கொடுத்து ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். பெயர் மாற்றப் போனபோதுதான் குட்டு உடைந்தது. ஆர்.சி.யில் இருந்தது மஹிந்திரா, பெட்ரோல். பானெட்டுக்குள் இருந்தது டீசல் என்ஜின். அதைவிடக் கொடுமை, முன் ஆக்ஸிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டே வண்டியில் இல்லை. ஃபோர் வீல் டிரைவ் என்று வாங்கியது டூ வீல் டிரைவ்!

இந்தக் கதை உங்களுக்கு நடக்கக் கூடாது. அதனால், பழைய ஜீப் வாங்குவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

எது வில்லிஸ், எது மஹிந்திரா?

நம் ஊரில் பழைய ஜீப் எல்லாமே 'வில்லிஸ்'தான். ஆனால், அசல் போர்க்கால வில்லிஸ் எம்.பி. தயாரானது 1941 முதல் 1945 வரை மட்டுமே. அதே வண்டியை ஃபோர்டு கம்பெனியும் ஜி.பி.டபிள்யூ. என்ற பெயரில் செய்து கொடுத்தது. இரண்டும் சேர்த்து சுமார் 6.4 லட்சம் வண்டிகள். போர் முடிந்ததும் இந்தியாவில் மிச்சமிருந்த ராணுவ ஜீப்புகள் ஏலத்தில் போயின. 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. ஆக, இன்று தமிழ்நாட்டில் கண்ணில் படும் பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை மஹிந்திரா வண்டிகள்தான். அதில் ஒரு குறையும் இல்லை. மஹிந்திராவை மஹிந்திரா விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அடையாளம் கண்டுபிடிக்கச் சில வழிகள்:

• கிரில்லில் உள்ள ஓட்டைகளை எண்ணுங்கள். போர்க்கால ஜீப்பின் அச்சு கிரில்லில் 9 ஓட்டைகள். போருக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. 2ஏ-வில் 7.

• பின்பக்கம் போய்ப் பாருங்கள். கீழே இறக்கித் திறக்கும் பின்கதவு இருந்தால் அது போர்க்கால பாடி இல்லை. எம்.பி.க்கு அந்தக் கதவே கிடையாது.

• முன் கண்ணாடி: எம்.பி.யில் இரண்டு தனித்தனிக் கண்ணாடிகள். 1949-ல் வந்த சி.ஜே. 3ஏ-வில் ஒரே கண்ணாடி.

• பானெட் வழக்கத்தைவிட உயரமாக, நெற்றி மேடிட்ட மாதிரி இருக்கிறதா? அது சி.ஜே. 3பி. அமெரிக்காவில் 1953-ல் வந்த மாடல். மஹிந்திரா இதைத்தான் நம் ஊரில் வெகுகாலம் தயாரித்தது. பானெட் உயரக் காரணம் உள்ளே இருக்கும் என்ஜின். பழைய 'கோ டெவில்' என்ஜினில் எல்லா வால்வுகளும் பிளாக்கிலேயே இருக்கும். 3பி-யில் வந்த 'ஹரிகேன்' என்ஜினில் இன்டேக் வால்வுகள் மேலே ஹெட்டுக்குப் போய்விட்டன. என்ஜின் உயர்ந்தது, பானெட்டும் உயர்ந்தது. இரண்டுமே சுமார் 2,200 சிசி பெட்ரோல் என்ஜின்கள்தான்.

• ஃபோர்டு வண்டியா என்று பார்க்க ஒரு சுவாரஸ்யமான வழி உண்டு. ஃபோர்டு தான் செய்த பாகங்களில் 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. போல்ட் தலையில்கூட இருக்கும்! ரேடியேட்டருக்கு முன்னால் சேஸின் இரண்டு பக்கங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தையும் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், பெட்டி வடிவில் இருந்தால் ஃபோர்டு.

நட்சத்திரமும் பச்சை பெயின்ட்டும் இந்த லிஸ்ட்டில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதை எந்தப் பட்டறையிலும் ஒரே நாளில் அடித்துவிடலாம்.

சந்தையில் வேறு என்ன கிடைக்கும்?

எம்.எம். 540: 1980-களில் வந்த மஹிந்திரா. பியூஜோ லைசென்ஸில் தயாரான 2,112 சிசி எக்ஸ்.டி.பி. டீசல் என்ஜின். பாகங்கள் ஓரளவு சுலபமாகக் கிடைக்கும். முதல்முறை வாங்குபவர்களுக்கு இது நல்ல தேர்வு.

ஜோங்கா: நிஸான் பேட்ரோலின் இந்திய ராணுவ வடிவம். ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் செய்தது. கிட்டத்தட்ட 4 லிட்டர், 6 சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். கம்பீரத்துக்குக் குறைவில்லை, பெட்ரோல் பங்க்கில்தான் கண்ணீர் வரும்.

ஜிப்ஸி: மாருதி 1985-ல் கொண்டுவந்தது. முதலில் 970 சிசி, பிறகு 1,298 சிசி. எடை குறைவு என்பதால் சேற்றில் அசத்தும். பின்சீட்டில் உட்கார்ந்தவர்களின் முதுகிடம் மட்டும் அபிப்ராயம் கேட்காதீர்கள்.

முதலில் பேப்பர், அப்புறம்தான் பெயின்ட்

சித்தப்பா செய்யாமல் விட்டது இதைத்தான். வண்டியைப் பார்க்கப் போகும்போதே ஆர்.சி.யின் ஒரிஜினலைக் கேளுங்கள். சேஸ் நம்பர், என்ஜின் நம்பர், எரிபொருள், தயாரான வருடம் ஆகிய நான்கையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். டார்ச் அடித்து, துரு நீக்கி, சேஸ் நம்பரை நீங்களே பென்சில் பிரின்ட் எடுங்கள். எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தாலோ, நம்பரைச் சுற்றி மட்டும் அரம் போட்ட தடம் தெரிந்தாலோ, அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

எம்.பி.யில் சேஸ் நம்பர் தகடு இடது பக்கச் சட்டத்தின் உட்புறம், முன் பம்பருக்குப் பின்னால் அடித்திருக்கும். என்ஜின் நம்பர் பிளாக்கின் வலது பக்கம், முன்புறம் இருக்கும். பிளாக்கில் மேடாகத் தெரியும் வார்ப்பு எண்ணைப் பலர் என்ஜின் நம்பர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரே அச்சில் வார்த்த எல்லா பிளாக்குகளுக்கும் பொதுவான எண். பள்ளமாக வெட்டியிருப்பதே உங்கள் வண்டிக்கான எண்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. என்ஜினை மாற்ற வேண்டும் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாத என்ஜினோடு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடங்கள். அதன்பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. கைக்கு வராமல் முழுப்பணம் தராதீர்கள். "அப்புறம் வாங்கித் தர்றேன் தம்பி" என்ற வார்த்தையை நம்பி மரத்தடியில் நிற்கும் ஜீப்புகள் ஏராளம்.

50 வருடங்களைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது. 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடங்களுக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால், இந்தப் பதிவில் இருக்கும் வண்டியைத் தினசரி உபயோகத்துக்கோ, வாடகைக்கோ ஓட்ட முடியாது. காட்டுக்கு உரமூட்டை ஏற்றிப்போகத்தான் ஜீப் என்றால், இது உங்களுக்கு ஒத்துவராது.

நிஜமாகவே நாலு வீலும் சுத்துதா?

முதல் சோதனை, கீழே குனிவது. முன் ஆக்ஸிலில் பின்பக்கம் போலவே டிஃபரென்ஷியல் குண்டு இருக்க வேண்டும். அதிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் வரை ஷாஃப்ட் போக வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று முன் ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. ஃபோர் வீல் டிரைவே இல்லாமல் ஃபேக்டரியிலிருந்து வந்த ஜீப்புகளும் நிறைய உண்டு.

அடுத்தது, முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவா என்ற சோதனை. எம்.பி.யில் 4.88, சி.ஜே. 2ஏ-வில் 5.38. வேறு வேறு வண்டிகளின் ஆக்ஸிலைக் கலந்து பூட்டியிருந்தால், ஃபோர் வீல் போட்டதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து கியர் பற்களை உடைக்கும். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கியரையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அதைச் சரியாக 2 சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 5-க்குக் கொஞ்சம் குறைவு என்றால் 4.88. ஐந்தேகால் தாண்டினால் 5.38. முன்பக்கமும் இதேபோல் பாருங்கள். சக்கரத்தில் ஹப் லாக் இருந்தால் அதைப் பூட்டிவிட்டுச் சுற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை! இந்தப் பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, பின் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் அது இருந்தும் பயனில்லை, வண்டி உருண்டுவிடும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் ஜாக்கி போடவே போடாதீர்கள்.

இன்னொன்று, தார் ரோட்டில் 'கெத்தாக' ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீர்கள். திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த ரோட்டில் வழுக்க இடமில்லை. அந்த அழுத்தம் முழுக்க கியர்களில்தான் இறங்கும்.

பாகம் தேடும் படலம்

"வில்லிஸ் கியர் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். மாடல், வருடம், என்ஜின் வகை, பாகத்தில் உள்ள நம்பர் நான்கையும் சொல்லிக் கேளுங்கள். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போவது இன்னும் நல்லது. பேரிங் என்றால் விளிம்பில் நம்பர் இருக்கும். ஆயில் சீல் என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் போதும். இந்த இரண்டையும் ஜீப் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, பேரிங் கடையிலேயே கிடைக்கும்.

வில்லிஸ் வழி வந்த பாகங்கள் அங்குல அளவு. பியூஜோ வழி வந்த டீசல் என்ஜின் மில்லிமீட்டர் அளவு. ஒரே வண்டியில் இரண்டும் இருக்கும்! 9/16 அங்குலம் என்பது 14.29 மி.மீ. 14 ஸ்பேனர் ஏறாது, 15 போட்டால் போல்ட் தலை மழுங்கும். தவறான போல்ட்டை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும், அப்புறம் லேத் பட்டறைதான் கதி.

போர்க்கால ஜீப்பின் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி. மற்ற நட்டுகளுக்கு நேரெதிராகச் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் பஞ்சர் கடையில் பலம் போட்டால் ஸ்டட் முறிந்துவிடும். கொடுப்பதற்கு முன்பு சொல்லிவிடுங்கள்.

எங்கே தேடுவது? சென்னையில் புதுப்பேட்டை. தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் தினமும் மலையேறுகின்றன, அதனால் அங்கே ஜீப் கை தெரிந்த மெக்கானிக்குகளைப் பிடிக்கலாம். வடக்கே ஹரியானாவின் மண்டி டப்வாலி ஜீப் கட்டுவதற்கே பெயர் போன ஊர். ஆனால், அங்கே புதிதாகச் செய்த பாடியை 'அசல்' என்று நினைத்து வாங்காதீர்கள்.

எதை முதலில் சரிசெய்வது?

பெரும்பாலானோர் முதலில் பெயின்ட் அடிப்பார்கள். தப்பு. சரியான வரிசை இதுதான்:

1. போட்டோ. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன்பு போனில் படம் எடுங்கள். நட்டு, போல்ட்டைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே நன்றி சொல்வீர்கள்.

2. பிரேக். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். எங்கே ஒரு இடத்தில் குழாய் வெடித்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

3. ஸ்டீயரிங். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

4. எரிபொருள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸும் டயஃப்ரமும் அதற்குத் தாங்காது. எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள்.

5. சேஸும் பாடியும். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்திலும், ஸ்டீயரிங் பாக்ஸ் பூட்டிய இடத்திலும் விரிசல் பாருங்கள். ஒரு காந்தத்தைத் துணி சுற்றி பாடி முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான்.

6. கடைசியாக டிங்கரிங், பெயின்ட்.

பல வருடங்கள் நின்ற வண்டியை உடனே தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றி, டீசல் என்றால் இன்ஜெக்டரைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டர்.

கழற்றிய அசல் பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஓட்டை விழுந்த கிரில், எழுத்து மங்கிய தகடு எல்லாமே அந்த வண்டியின் பிறப்புச் சான்றிதழ். போட்டுவிட்டால் திரும்ப வராது.

சரி, சித்தப்பாவின் ஜீப் என்ன ஆனது? ஆர்.சி.க்குப் பொருந்தும் பெட்ரோல் என்ஜின் தேடிக்கொண்டிருக்கிறார். வண்டி இன்னமும் காட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. ஆனால், ஒரு மாற்றம். ஊரில் யார் ஜீப் வாங்கப் போனாலும் அவரைத்தான் கூட்டிப்போகிறார்கள். போனதும் பானெட்டைத் தட்டி ரசிப்பதில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுகிறார். "நம்பரைச் சொல்றேன், எழுதிக்கடா!"