மென்னீரின் வெற்றி: ஹிரோஷிமாவின் சாக்கே வரலாறு



ஹிரோஷிமா என்றதும் நம் உள்ளத்தில் எழுவது 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் நாட் காலை. அணுக்குண்டின் பெயரோடு அந்நகரின் பெயரும் பிணைந்துபோயிற்று. ஆயினும், அந்நகரைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்துக்கு அதற்கு முன்னரே அமைந்த வேறொரு வரலாறும் உண்டு. அது தண்ணீரைப் பற்றியது. அத்தண்ணீரையும் அரிசியையும் கொண்டு சாக்கே என்னும் மதுவை ஆக்கிய மக்களைப் பற்றியது. அதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைக் கற்பிக்கும் ஆசிரியன் மதுவைப் பற்றிப் பேசலாமா என நீங்கள் வினவக்கூடும். குடியைப் போற்றுவது என் நோக்கமன்று. ஒரு நாட்டாரின் நெல்லும் நீரும் குளிரும் கைத்திறனும் ஒரு சிறு கிண்ணத்தில் எவ்வாறு வந்து கூடுகின்றன என்பதை அறிவது வரலாறு கற்போருக்கு உரிய பணியே.

முதலில் சாக்கே என்பது யாது எனக் காண்போம். அது வடித்தெடுக்கும் சாராயமன்று. நொதிக்கவைத்துப் பிழிந்தெடுக்கும் மது. அரிசியைத் தீட்டிக் கழுவி, ஊறவைத்து, ஆவியில் அவிப்பர். அவித்த சோற்றின் ஒரு பகுதியிற் கோஜி என்னும் பங்கசை வளர்ப்பர். அரிசியிலுள்ள மாப்பொருளை மதுவம் நேராக உண்ண மாட்டாது. கோஜியின் நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக்க, அச்சர்க்கரையை மதுவம் மதுசாரமாக்கும். இவ்விரு வேலைகளும் ஒரே தொட்டியில் ஒரே காலத்தில் நிகழ்வதே சாக்கேயின் தனிச்சிறப்பு. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் ஆக்கம் கெடும். இந்தச் சமநிலைக்கு நீரின் தன்மை பெருந்துணை, பெரும்பகையாகவும் அமையலாம். ஆக்கிமுடிந்த சாக்கேயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீரே அன்றோ?

நீரின் பெருமையை முதன்முதல் தெளிவாக உணர்த்திய இடம் கோபே நகரையும் நிஷினோமியா நகரையும் தழுவிய நாடாக் கரையோரமாகும். அங்கே யமாமுரா தசாயெமோன் என்பவருக்கு இரண்டு சாக்கே ஆலைகள் இருந்தன. ஒன்று உவோசாக்கியில், மற்றது நிஷினோமியாவில். நிஷினோமியாச் சாக்கேயே எப்போதும் சுவையில் விஞ்சி நின்றது. அவர் இரு ஆலைகளினதும் அரிசியை ஒன்றாக்கிப் பார்த்தார், பணியாளரை இடம் மாற்றிப் பார்த்தார், வேற்றுமை நீங்கவில்லை. இறுதியில் நிஷினோமியாக் கிணற்று நீரை உவோசாக்கிக்குக் கொண்டுசென்று ஆக்கியபோதே இரண்டும் ஒத்த சுவை பெற்றன. இது 1840ஆம் ஆண்டில் நிகழ்ந்தது என்பர். அந்நீரே ‘மியாமிசு’ எனப் புகழ்பெற்றது. அதிற் பொற்றாசியமும் பொசுபரசும் மிகுதி. சாக்கேயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் இரும்போ மிகக் குறைவு. அவ்வுப்புகள் மதுவத்துக்கு நல்லுணவாதலின் நொதித்தல் விறுவிறுப்பாக நடைபெறும். இவ்வாறு பிறந்த நாடாச் சாக்கேயை அதன் உறுதியான சுவைபற்றி ‘ஆண் சாக்கே’ என அழைத்தனர்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையினூடே ஊறும் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தோர், கேத்தலின் அடியிற் படியும் வெண்படையைக் கண்டிருப்பர். அது வன்னீர். நாடாவின் நீரும் யப்பானிய நீர்களுள் வன்மை மிக்கதே. இதற்கு மாறாக, ஹிரோஷிமா மாகாணத்தின் கடலோரத்திலுள்ள மிட்சு என்னும் ஊரின் நீர் மென்னீர். பருகுவதற்கும் சலவைக்கும் அது இனிது. சாக்கே ஆக்குவோருக்கோ அது ஒரு சாபமாகத் தோன்றியது.

அவ்வூரில் 1847ஆம் ஆண்டிற் பிறந்தவர் மியுரா சென்சபுரோ. அவர் 1876ஆம் ஆண்டிற் சாக்கே ஆக்கும் தொழிலைத் தொடங்கினார். ஆண்டுக்கு ஆண்டு அவருடைய சாக்கே தொட்டியிலேயே கெட்டது. ஒரு தொட்டி கெட்டால் ஒரு குளிர்காலத்தின் உழைப்பும் அரிசியிலிட்ட முதலும் ஒருங்கே அழியும். அவர் நாடாவின் முறையைக் கற்றுவந்து, அதனைத் தம் ஆலையிற் பின்பற்றினார். அப்போதும் பயன் கிட்டவில்லை. பிழை கையிலன்று, நீரிலே என்பதை அவர் பின்னரே உணர்ந்தார். உப்புகள் குறைந்த மென்னீரில் மதுவம் வலுக்குன்றிச் சோர்கிறது. அது சோர்ந்த இடத்திற் கெடுதிசெய்யும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன.

இங்கேதான் அவருடைய பெருமை விளங்குகிறது. வேற்றூர் நீரைத் தேடி அலையாமல், தம் ஊர் நீருக்கேற்றவாறு தொழிலை மாற்றிக்கொண்டார். கோஜியை அரிசி மணியின் உட்புறம்வரை ஊடுருவுமாறு நன்கு வளர்த்தார். அதனால் நொதியங்களின் ஆற்றல் பெருகிற்று. பின்னர்த் தாழ்ந்த வெப்பநிலையில், அவசரமின்றி, நீண்ட நாள்கள் நொதிக்கவிட்டார். குளிரிற் கெடுதிசெய்யும் உயிர்கள் அடங்கின. மதுவமோ மெல்ல மெல்லத் தன் வேலையை முடித்தது. விரைவைத் துணைக்கொண்ட நாடாவுக்கு எதிரே மியுரா பொறுமையைத் துணைக்கொண்டார் எனலாம். ‘நூறு சோதனை, ஆயிரம் திருத்தம்’ என்பதே அவர்தம் வாழ்க்கை நெறி.

கண்டறிந்ததை அவர் குடும்ப இரகசியமாகப் பூட்டிவைக்கவில்லை. 1898ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். தோஜி எனப்படும் தலைமைப் பணியாளருக்கும் பயிற்சி அளித்தார். அதே மாகாணத்தைச் சேர்ந்த சைஜோவில், 1896ஆம் ஆண்டில், சதாக்கே ரியிச்சி என்பவர் விசையால் இயங்கும் அரிசி தீட்டும் பொறியை உருவாக்கியிருந்தார். அரிசி மணியின் வெளிப்புறத்திற் புரதமும் கொழுப்பும் மிகுதி. அவை நீங்க நீங்கச் சுவை தூய்மையுறும். பொறியும் முறையும் ஒன்றுக்கொன்று துணையாயின.

1907ஆம் ஆண்டில் தோக்கியோவில் முதலாவது தேசிய சாக்கே போட்டி நடைபெற்றது. நாடெங்குமிருந்து 2,000க்கு மேற்பட்ட சாக்கேகள் வந்தன. நாடாவே வெல்லும் என்பது பலரது எதிர்பார்ப்பு. ஆயின் முதலிடம் பெற்றது ஹிரோஷிமா மாகாணத்துத் தாக்கேஹாராவின் ‘ரியூசெய்’. அதற்கு மறு ஆண்டு, 1908இல், மியுரா மறைந்தார். தம் மாகாணத்துச் சாக்கே வென்றபின்னரே அவர் கண்மூடினார்.

நிற்க. இத்தகைய சாக்கேயை வல்லோர் எவ்வாறு சுவைத்து அறிகின்றனர்? அவர்கள் கையாளும் கிண்ணம் வெண்பீங்கானாலானது. அதன் அடியில் நீலநிற வட்டங்கள் இரண்டு, ஒன்றனுள் ஒன்றாகத் தீட்டப்பட்டிருக்கும். ‘பாம்பின் கண்’ என்பது அவ்வட்டங்களின் பெயர். வெண்பரப்பிலே சாக்கேயின் நிறத்தைக் காண்பர். நீலக் கோட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா, மங்குகிறதா என நோக்கித் தெளிவை அளப்பர். அடுத்து மணத்தை நுகர்வர். மிகத் தீட்டிய அரிசியைக் கொண்டு குளிரில் ஆக்கிய ‘கின்ஜோ’ வகையில், பழம் எதுவும் சேராதிருந்தும், வாழைப்பழத்தின் மணமோ அப்பிளின் மணமோ கமழும்; இது மதுவம் குளிரில் மெல்ல உழைத்ததன் பேறு. பின்னர்ச் சிறிதளவே வாயிற் கொண்டு, நாவெங்கும் பரப்பி, காற்றை உள்ளிழுத்து மூக்கின்வழி விட்டு, உமிழ்ந்துவிடுவர். ஆம், தேர்வாளர் அதனை விழுங்குவதில்லை. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என ஐந்து சுவைகளை யப்பானியர் சாக்கேயிற் காண்கின்றனர். நம்மவர் வகுத்த அறுசுவையில் உவர்ப்பு ஒன்றே அங்கில்லை. இவ்வைந்தும் ஒன்றையொன்று விஞ்சாது நிற்பதே நற்சுவை. ஹிரோஷிமாச் சாக்கே நாவில் மென்மையாகப் படிந்து, முனைப்பின்றி விலகும் என்பர். அந்த மென்மை, ஒருகால் மியுராவின் தொட்டிகளைக் கெடுத்த அதே நீரின் மென்மையாகும்.

1970களின் பின் யப்பானிற் சாக்கே அருந்துவோர் பெரிதும் குறைந்தனர். பல சிற்றாலைகள் மூடப்பட்டன. எனினும் கலை அழியவில்லை. 1904ஆம் ஆண்டிலே தோக்கியோவில் நிறுவப்பட்ட அரசினர் மது ஆய்வு நிலையம், 1995ஆம் ஆண்டில் ஹிகாஷி ஹிரோஷிமாவுக்கு இடம்பெயர்ந்தது. சைஜோவும் மியுராவின் ஊரும் இன்று அடங்கியிருப்பது அந்நகரிலேதான். 2024ஆம் ஆண்டு திசம்பரில், கோஜிகொண்டு சாக்கே ஆக்கும் மரபுக்கலையை யுனெஸ்கோ உலகின் அருவ மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நேயர்களே, தன் நிலத்தில் இல்லாததை எண்ணி ஏங்குவது எளிது. உள்ளதன் இயல்பை அறிந்து அதற்கேற்ப உழைப்பது அரிது. மிட்சுவின் கிணறுகளில் ஊறிய நீர் 1876இலும் 1907இலும் ஒன்றே. மாறியது அதனைக் கையாண்ட மனிதரின் அறிவு மாத்திரமே. ஹிரோஷிமா என்ற பெயரை இனி நீங்கள் கேட்கும்போது, அழிவின் அந்தக் காலையோடு இந்தப் பொறுமையின் வரலாற்றையும் நினைவுகூர்வீர்களாக.