ஆணியறியாத மரக்கலங்கள்

நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைக் குறிப்பிடும் அல்கமர் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில் 'துஸுர்' என்றொரு சொல் வருகிறது. விரிவுரையாளர்கள் பெரும்பாலும் அதற்கு 'ஆணிகள்' என்றே பொருள் தருவர். ஆயினும், கப்பற் பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் பழைய அரபு அகராதிகள் பதிவு செய்துள்ளன.

அந்த இரண்டாம் பொருள் சோழமண்டலக் கரைக்கு அந்நியமானதன்று. சென்னையில் துறைமுகம் எழும் முன், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து பயணிகளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இணைப்பின்மேல் வைக்கோல் வைத்து, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைத்தனர். ஆணியோ விலாச்சட்டமோ இல்லை. அலை தூக்கி மணலில் அறைந்தபோது படகு உடையாமல் வளைந்து கொடுத்தது.

இரும்பறியாமையால் விளைந்த முறை இது என்பது பொருந்தாது. இந்திய உருக்கின் புகழால் அரபுமொழியில் வாளுக்கே 'முஹன்னத்' என்ற பெயர் வழங்கியது. காரணத்தைக் கடற்பயணிகளே கூறியுள்ளனர். 1183இல் செங்கடலின் அய்தாப் துறையைக் கண்ட இப்னு ஜுபைர், அங்குள்ள கலங்கள் தென்னை நாரால் தைக்கப்பட்டு, சுறா எண்ணெய் பூசப்பட்டதை விவரிக்கிறார். பாறைகள் மலிந்த கடலில் மரம் இளகிக் கொடுக்கவே அப்பூச்சு என்கிறார். 14ஆம் நூற்றாண்டின் இப்னு பதூதாவும், ஆணியடித்த கப்பல் பாறையில் மோதினால் சிதறும், கயிற்றால் தைத்தது தாங்கும் என்ற கருத்தையே எழுதினார்.

1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலும் தைக்கப்பட்டதே. அதை முன்மாதிரியாகக் கொண்டு ஓமானில் ஆணியின்றிக் கட்டப்பட்ட 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்ற கப்பல், 2010இல் பாய்விரித்துச் சிங்கப்பூரை அடைந்தது.

இன்று மேலைநாடுகளில் வீட்டிலேயே கயாக் என்னும் சிறு துடுப்புப் படகைச் செய்வோரும் ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைக்கின்றனர். ஆனால் அத்தையல் பசை இறுகும்வரைதான். பின்னர் படகு விறைத்துவிடும். நம் கரையிலோ தையலே படகின் உயிர். கயிறு நைந்தால் அவிழ்த்து மீண்டும் தைத்தனர், பலகை பிழைத்தது.

கேரளத்தின் கெட்டுவள்ளங்களில் இக்கலை இன்றும் காணக்கிடைக்கிறது. 'மரக்காயர்' என்ற பெயரை மரக்கலத்தோடு இணைத்துப் பேசும் நாம், கப்பலுடையோரின் பெயர்களைப் போற்றி வருகிறோம். அக்கலங்களைத் தைத்த கைகளின் அறிவும் நம் வரலாற்றின் பகுதியே. முதிய தச்சர்களின் நினைவில் எஞ்சியிருப்பதையேனும் எழுதிவைப்பது நம் கடமை.