பேசக்கூடாததைப் பேசிய பெங்களூர்

1986 நவம்பர் 16, 17 தேதிகளில் தெற்காசியாவின் ஏழு நாட்டுத் தலைவர்களும் பெங்களூரில் கூடியிருந்தார்கள். சார்க் அமைப்பின் இரண்டாவது உச்சி மாநாடு அது. நேபாள மன்னர் பிரேந்திரா, வங்கதேசத்தின் எர்ஷாத், பாகிஸ்தான் பிரதமர் ஜுனேஜோ, இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா எனப் பெரும்புள்ளிகள். விருந்தளித்தவர் ராஜீவ் காந்தி.

ஆனால் சார்க், டெல்லி ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளை அல்ல. 1980இல் யோசனையைக் கிளப்பியவர் வங்கதேச அதிபர் ஜியாவுர் ரஹ்மான். சின்ன அண்டை நாடுகளெல்லாம் ஒன்றுகூடி நம்மைக் கேள்வி கேட்கவா என்று இந்திரா காந்தி அரசு சந்தேகப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், பாகிஸ்தானுக்கும் சந்தேகம். அதன் பயமோ இந்தியா பெரியண்ணன் ஆகிவிடும் என்பது.

கடைசியில் இந்தியா சேர்ந்தது, ஆனால் முன்ஜாக்கிரதையோடு. 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் கையெழுத்தான சாசனத்தின் 10ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. முடிவுகள் ஏகமனதாக இருக்க வேண்டும். இருதரப்புச் சச்சரவுகளை அவையில் எடுக்கக் கூடாது. இந்தியாவோடுள்ள சிக்கலை அவையில் எழுப்ப முடியாததால் கொழும்புக்கு இதில் பெரிய லாபமில்லை; ஆனால் போக வேறு இடமும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் அமைப்பான ஆசியானில் இடம் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல் திரும்பிய நாடு அது.

பெங்களூரில் அந்தப் பிரிவின் உண்மையான பொருள் தெரிந்தது. அன்று தெற்காசியாவில் பற்றியெரிந்த விவகாரம் ஈழப் போர். அது மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஆனால் அதே ஊரில்தான் பேசப்பட்டது. நவம்பர் 8 அன்று தமிழகப் போலீசார் ஈழப் போராளிகளின் ஆயுதங்களைப் பறிமுதல் செய்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் சென்னையிலிருந்து விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனை விமானத்தில் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். முதல்வர் எம்.ஜி.ஆரையும் வரவழைத்தார்கள். இலங்கையின் கிழக்கு மாகாணத்தை மூன்றாகப் பிரிப்பது ஜெயவர்த்தனாவின் யோசனை. பிரபாகரன் மறுத்துவிட்டார்.

பேச்சு தோற்றாலும் டெல்லி விரும்பிய ஏற்பாடு ஜெயித்தது என்பேன். மாநாட்டில் ஏழு நாடுகளும் காட்மாண்டுவில் தலைமைச் செயலகம் அமைக்க ஒப்பந்தம் போட்டன. கனமான விஷயத்தை இந்தியா தனியறையில் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஏன் என்று விசாரிக்க சார்க்குக்கு அதிகாரமில்லை.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தருவதில்லை என்பது, உடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் இருந்தது.

(தொடரும்)