தில்லைக் கூத்து ஜெனீவா போன வழி

பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த தமிழர் வீடுகளில் நடராசர் சிலை ஒன்று அநேகமாக இருக்கும். "இதற்கு என்ன பொருள்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், நம்ம பிள்ளைகள் சட்டென்று சொல்வது, "அணுத்துகள்களின் நடனம், காப்ரா எழுதியிருக்கிறார்" என்பதே. தவறில்லை. ஆனால் காப்ரா இதை யாரிடம் பெற்றார்? அவருக்குக் கொடுத்தவர் எங்கே பெற்றார்? நான் சைவன் அல்லன், சமணன், வியாபாரி. சரக்கு எந்த ஊரில் விளைந்தது என்று விசாரிக்கும் பழக்கத்தில்தான் இதையும் தேடிப் படித்தேன்.

ப்ரிட்ஜாஃப் காப்ராவின் 'தாவோ ஆஃப் ஃபிசிக்ஸ்' 1975-இல் வந்தது. அதில் அவர் துணைக்கொண்ட நூல்களில் ஒன்று ஆனந்த குமாரசாமியின் 'டான்ஸ் ஆஃப் சிவா'. 1918-இல் நியூயார்க்கில் வெளியான கட்டுரைத் தொகுப்பு அது. அதன் பிரெஞ்சுப் பதிப்புக்கு ரொமேன் ரோலந்து முன்னுரை தந்தார்.

குமாரசாமி 1877-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசாமி தமிழர். அரிச்சந்திரன் கதையை 1863-இலேயே ஆங்கிலத்தில் நாடகமாகத் தந்தவர். தாய் ஆங்கிலேயர். இரண்டு வயதில் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த மகன், முதலில் மண்ணியல் படித்தார். கைவினையின் அருமையை அவருக்கு உணர்த்தியது வில்லியம் மாரிஸின் எழுத்து. 1908-இல் சிங்களக் கலை பற்றிய தம் பெரிய நூலை மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிட்டார் என்றால் அந்த ஈடுபாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரிஸிடம் கற்ற கண்ணோடு நடராசரைப் பார்த்தவருக்குப் பொருள் சொல்லித் தந்தவை தமிழ் நூல்கள். திருமூலரின் ஒன்பதாம் தந்திரம், உண்மை விளக்கம், திருவருட்பயன் ஆகியவற்றை அவர் கட்டுரை நெடுக எடுத்தாள்கிறார். அவற்றை ஆங்கில வாசகருக்குக் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை. மாவட்ட முன்சீப் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1895-இல் சிவஞானபோதத்தை மொழிபெயர்த்தவர்; 'சித்தாந்த தீபிகை' இதழை நடத்தியவர். நடராசர் பற்றிய குமாரசாமியின் கட்டுரை முதலில் 1912-இல் வந்ததும் அந்த இதழில்தான். பிள்ளையவர்களின் நூலைக் குமாரசாமி பெயர் சொல்லியே காட்டுகிறார். கடனை மறைக்கவில்லை.

உடுக்கை படைப்பு, அமைத்த கை காப்பு, நெருப்பு அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய பாதம் முத்தி. உலகமே இன்று சொல்லும் இந்த விளக்கம் திருவதிகை மனவாசகம் கடந்தார் உண்மை விளக்கத்தில் ஒரே வெண்பாவில் வைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிறு நூல் அது. மாணவன் கேட்க ஆசிரியர் மெய்கண்டார் விடை சொல்லும் அமைப்பு.

சரக்கு கைமாறும்போது எடை குறைவது உண்டு. இங்கேயும் குறைந்தது. குமாரசாமி கூத்துக்கு மூன்று பொருள் சொன்னார்: அண்டத்தின் இயக்கம் எல்லாம் அந்த ஆட்டம், உயிர்களைக் கட்டிலிருந்து விடுவிப்பதே அதன் நோக்கம், ஆடும் இடமாகிய சிதம்பரம் நம் நெஞ்சுக்குள் இருக்கிறது. காப்ராவின் கையில் ஓங்கி நின்றது முதல் பொருள். அவருக்கு வேண்டியது இயற்பியல், அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. 2004-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு இந்திய அரசு நடராசர் சிலையைப் பரிசளித்தது. அங்குள்ள பலகையில் குமாரசாமி, காப்ரா இருவர் வாசகமும் உண்டு. அவர்களுக்கு முன்னால் நின்ற முன்சீப்பையும் திருவதிகைப் புலவரையும் நினைவில் வைக்க வேண்டியது நாம்தான்.

உண்மை விளக்கம் ஐம்பத்துச் சொச்சம் வெண்பாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்து உரையோடு படித்துக் காட்டலாம். அடுத்த தடவை பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும்போது, அணுவோடு நிறுத்தாமல், அந்தத் தூக்கிய திருவடியையும் காட்டிச் சொல்வார்கள்.