கடல்சார் மீயுயர் அதிர்வெண் வானொலி

கடல்சார் மீயுயர் அதிர்வெண் வானொலி (விஎச்எஃப்) என்பது படகுகளும் கப்பல்களும் தமக்குள்ளும் கரையுடனும் பேசப் பயன்படுத்தும் இருவழி வானொலிக் கருவி ஆகும். பொத்தானை அழுத்திப் பேசி, விட்டுக் கேட்கும் முறையில் இது இயங்குகின்றது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினம் போன்ற பாக்கு நீரிணைக் கரையோர ஊர்களில் மீனவர்கள் இவ்வகைக் கருவிகளை வயர்லெஸ் அல்லது வாக்கி டாக்கி என்றே அழைக்கின்றனர்.

செயல்படும் முறை

கடல்சார் பயன்பாட்டுக்கு ஏறத்தாழ 156 முதல் 162 மெகா ஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒலி, அதிர்வெண் பண்பேற்றம் மூலம் அனுப்பப்படுகின்றது. படகுகளுக்கு இடையிலான பேச்சில் அனுப்புவதற்கும் பெறுவதற்கும் ஒரே அதிர்வெண் பயன்படுவதால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச இயலும். அதே அலைவரிசையில் உள்ள ஏனைய அனைவரும் அப்பேச்சைக் கேட்கலாம்.

படகில் பொருத்தப்படும் கருவியின் உச்சத் திறன் 25 வாட் ஆகும். அருகில் உள்ளோருடன் பேச 1 வாட் போதுமானது. உயர் திறனில் பேசும்போது 12 வோல்ட் மின்கலத்திலிருந்து சுமார் 5 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படும். கேட்கும்போது இதில் சிறு பகுதியே செலவாகும். கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் 5 அல்லது 6 வாட் திறன் கொண்டவை.

முக்கிய அலைவரிசைகள்

* அலைவரிசை 16 (156.8 மெகா ஹெர்ட்ஸ்): ஆபத்து மற்றும் அழைப்புக்கு உரியது. உயிராபத்தில் உள்ளோர் "மேடே" என்ற சொல்லை மும்முறை கூறி, படகின் பெயர், இருப்பிடம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும்.
* அலைவரிசை 70 (156.525 மெகா ஹெர்ட்ஸ்): எண்மிய அழைப்புக்கு மட்டும் உரியது. இவ்வசதி உள்ள கருவியில் ஆபத்துப் பொத்தானை அழுத்தினால், படகின் 9 இலக்க அடையாள எண் அனுப்பப்படும். ஜிபிஎஸ் இணைக்கப்பட்டிருந்தால் இருப்பிடமும் உடன் செல்லும்.

எட்டும் தொலைவு

இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், புவியின் வளைவு தொலைவை வரையறுக்கின்றது. இரு ஆன்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 4 மீட்டர் உயர ஆன்டெனா கொண்ட இரு படகுகள் சுமார் 16 கி.மீ. வரை பேசலாம். அதே படகு, 36 மீட்டர் உயரக் கரைக் கோபுரத்துடன் சுமார் 33 கி.மீ. வரை பேசலாம். எனவே தொலைவை நீட்டிக்கத் திறனைக் கூட்டுவதை விட ஆன்டெனாவை உயர்த்துவதே பயன் தரும்.

கைப்பேசியுடன் ஒப்பீடு

அழுத்திப் பேசும் வசதி கைப்பேசிகளிலும் இருந்தது. அமெரிக்காவின் நெக்ஸ்டெல் வலையமைப்பு இதனால் புகழ்பெற்றது. அது 2013 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. 2004இல் விற்பனைக்கு வந்த நோக்கியா 5140 கைப்பேசியும் இவ்வசதி கொண்டிருந்தது. எனினும் இவற்றில் குரல் கோபுரம் வழியாகவே சென்றது. கோபுரத்தின் எல்லையைத் தாண்டினால், அடுத்த படகுடன்கூடப் பேச இயலாது. கடல்சார் வானொலிக்குக் கோபுரமோ அழைப்பு எண்ணோ தேவையில்லை. மூழ்கும் படகிலிருந்து அழைப்பவருக்கு, அருகில் யார் உள்ளனர் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பாக்கு நீரிணைப் பகுதியில் பயன்பாடு

இயந்திரக் கோளாறு, நீர் புகுதல், வானிலை மாற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க இக்கருவி உதவுகின்றது. குறுகிய இக்கடற்பகுதியில் இந்திய–இலங்கை எல்லை 1974 உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்டது. இயந்திரம் நின்ற படகு காற்றிலும் நீரோட்டத்திலும் எல்லைக்கு அப்பால் அடித்துச் செல்லப்படக்கூடும் என்பதால், அருகிலுள்ள படகை விரைந்து அழைப்பது இன்றியமையாதது. கரையில் இருப்போர் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கலாம்.

குறைபாடுகள்

பேச்சில் மறைவு இல்லை. ஒரு படகில் பொத்தான் அழுந்தியவாறே சிக்கிக்கொண்டால், அருகிலுள்ள அனைவருக்கும் அந்த அலைவரிசை அடைபட்டுவிடும். ஆபத்து அழைப்பும் கேட்காமல் போகலாம். அலைவரிசை 16இல் அரட்டை தவிர்க்கப்பட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். ஆழ்கடலுக்கு இக்கருவி மட்டும் போதாது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் வீசியபோது, கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை சென்றடையவில்லை. அத்தொலைவுகளுக்குச் செயற்கைக்கோள் வழித் தொடர்பே ஏற்றது.